பாஸ்புக்கைக் கேட்கும் வேலை

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு என்னைத் தேடி வந்தார். பீடி சுற்றுகிறவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் மகன் பெயருக்கு வந்த போலீஸ் நோட்டீஸ், வடமாநிலம் ஒன்றிலிருந்து. "அந்த ஊர் எந்தப் பக்கம்னே எங்களுக்குத் தெரியாது சார்" என்று அழுதார்.

பையன் டிப்ளமோ முடித்தவன். வாட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்திருக்கிறது: கம்பெனிக்கு வரும் பணத்தை அவன் கணக்கு வழியாக வாங்கிக்கொள்வார்களாம், மாதம் 12,000 சம்பளமாம். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வந்து பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கணக்கோடு இணைந்த சிம் மூன்றையும் வாங்கிப் போயிருக்கிறார்.

வேலைக்குப் பணம் கேட்டால் ஏமாற்று என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். இவர்கள் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை, அதனால்தான் நம்பினான்.

எங்கோ ஒருவர் ஏமாந்து இழந்த பணம் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொன்னதும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளை முடக்குகிறார்கள். வாங்கிப் போனவன் பெயர் எங்கும் இருக்காது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 318(4) மோசடிப் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை. அப்பாவின் வைத்தியத்துக்குச் சேர்த்த காசும் அந்தக் கணக்கிலேயே சிக்கிக்கொண்டது.

எனக்கு அதிக வருத்தம் தந்தது வேறு. பயத்தில் பையன் வாட்ஸ்அப் உரையாடலை முழுக்க அழித்துவிட்டான். தெரிந்து செய்தானா, ஏமாந்து செய்தானா என்பதுதான் வழக்கே. அதைச் சொல்லக்கூடிய சாட்சியை அவனே தொலைத்திருக்கிறான்.

நோட்டீஸை மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ன் கீழ் வந்த நோட்டீஸ் என்றால், சொன்னபடி ஆஜராகிறவரைக் காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ராணிப்பேட்டை தோல் கம்பெனியோ, ஆம்பூர் ஷூ கம்பெனியோ, சம்பளம் போட உங்கள் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும். கார்டு எதற்கு? சிம் எதற்கு? பெற்றோர் இந்த இரண்டு கேள்வியையும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும், கோபப்படாமல். திட்டுவார்கள் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் நோட்டீஸ் வரும்வரை வாயே திறப்பதில்லை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்குங்கள். நடந்ததை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சிம்மையும் நிறுத்துங்கள். அப்புறம் 1930-க்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். போனில் உள்ள எதையும் அழிக்காதீர்கள்.