ஏற்கெனவே எழுதியிருக்கிறது என்பதற்காக

"நாடகக்காரர்கள் சுவரில் எழுதியிருப்பதாக நீங்கள்தானே சார் சொன்னீர்கள்?"

கேட்டவர் கையில் வீட்டுச் சாவி. எதிரே செங்கல்லில் அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். சீனாவுக்கு ஆட்களை அழைத்துப்போகும் வேலையில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

இடம் ஷான்டாங் மாகாணத்து லியாவ்செங். ஷான்சி, ஷென்சி மாகாணத்து வியாபாரிகள் கூடி 1743இல் கட்டத் தொடங்கிய மன்றம், சரக்குப் படகுகள் போய்வந்த பெருங்கால்வாயைப் பார்த்தபடி கிழக்கு முகமாக நிற்கிறது. பாதிப் பேர் "இன்னொரு கோயிலா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸைத் தேடுவார்கள். உள்ளே குவான் யூ சாமி இருக்கிறார், போர்த்தளபதியாக இருந்து தெய்வமானவர், சரி. அவரும் ஷான்சிக்காரர்தான். ஆனால் வெளியூர் வியாபாரி தன் ஊர்க்காரர்களைப் பார்த்ததும், வழக்கு பேசியதும், திருவிழாவில் தன் ஊர் நாடகம் பார்த்ததும் இங்கேதான். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்று கல்வெட்டுகளே சொல்கின்றன. டியூப்லைட்டில் உபயம் எழுதும் நமக்கு இது புரியாதா?

1855இல் மஞ்சள் ஆறு தடம் மாறி, ஷான்டாங்கில் கால்வாய்ப் போக்குவரத்து நொடித்தது. அப்புறம் வியாபாரமும் போயிற்று.

அந்தச் சுவருக்கு வருகிறேன். மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில், வந்த நாடகக் குழுக்கள் மையால் எழுதிவைத்தவை அவை: குழுவின் பெயர், தேதி, ஆடிய நாடகங்கள். கிறுக்கல் இல்லை ஐயா, வேலைக் குறிப்பு. எந்த ஊர்க் குழு கால்வாய் வழியே எதுவரை வந்தது, இங்குள்ளவர்கள் எதை ரசித்தார்கள் என்பதற்குப் பல சமயம் வேறு ஏடே கிடையாது. அவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். நீங்கள் டிக்கெட் வாங்கி வந்தீர்கள். அவர்கள் எழுதினார்களே என்று நீங்களும் எழுதுவது, பத்திரத்தில் தாத்தா கையெழுத்து இருக்கிறதே என்று பேரனும் ஓரத்தில் ஒன்று போடுவது போல. உங்கள் பெயர்தான் பாஸ்போர்ட்டில் இருக்கிறதே, போதாதா?

மையைத் தொடாதீர்கள். முதுகுப் பையை முன்னால் மாட்டுங்கள், சுவரில் உரசும். ஃபிளாஷ் வேண்டாம். குழந்தைகளை மேடைத் தூணில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். கல்வெட்டுகள் முன்னால் மட்டும் தயவுசெய்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பெயர் வரிசையின் நீளம் புரியும்.

சாவிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கைக்குட்டையில் எச்சில் தொட்டு அந்தச் செங்கல்லைத் துடைக்கப் போனார். அதற்கும் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.