கீழாநெல்லி மூட்டை திரும்பி வந்தால் கோபப்படாதீர்கள்

போன வாரமும் எங்கள் சோதனையில் நிற்காமல் ஒரு லோடு கீழாநெல்லி திரும்பிப் போனது. "வரப்புல தானா முளைச்சது சார், மருந்தே அடிக்கல" என்றார் கொண்டு வந்தவர். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சிவந்த தண்டு. காயில் காம்பே தெரியவில்லை, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம். நாங்கள் கேட்பது பச்சைத் தண்டும், சிறு காம்பில் தொங்கும் வழவழப்பான காயும் உள்ள கீழாநெல்லி, அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் சாயலில் இருக்கும் மேலாநெல்லி கலந்து வரும் மூட்டைகளைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய மாதிரிகளின் மரபணுவைச் சோதித்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய கால்வாசி வேறு இனங்களாக இருந்தன. மூலிகைகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

என்னை அதிகம் சோதிப்பது இன்னொரு பேச்சு: "தானா முளைச்சதுக்குத்தான் வீரியம், விதைச்சு வளர்த்தா வெறும் கீரை." கொஞ்சம் உண்மை இருக்கிறது. தண்ணீர் போதாமல் வாட்டத்தில் நிற்கும் சில செடிகள் மருந்துச் சத்துகளைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். சரி, உங்கள் வரப்பில் எவ்வளவு வாட்டம்? அடுத்த ஊர் வரப்பில் எவ்வளவு? போன மழைக்கும் இந்த மழைக்கும்? ஒரு மூட்டையில் ஃபில்லாந்தின் என்ற மருந்துச் சத்து நன்றாக இருக்கும், அடுத்ததில் பெயருக்குத்தான் இருக்கும். வைத்தியர் எழுதித் தரும் வேளைக்கு இத்தனை கிராம் என்ற அளவுக்கு அப்புறம் என்ன பொருள்?

1988-இல் சென்னையில் நடந்த ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இனம் வேறா, பறித்த இடமும் பருவமும் வேறா என்று விவாதம் போனது. மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கும் முன்பே, எல்லோரும் கொடுத்தது ஒரே பொருள்தானா என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். (இதைப் படித்துவிட்டு மஞ்சள் காமாலைக்கு இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்காதீர்கள், தயவுசெய்து.)

விதைத்து வளர்ப்பதன் பின்னால் உள்ள வேலை எல்லாம், மூட்டைக்கு மூட்டை ஒரே பொருள் கிடைக்கத்தான். பல ஊர்ச் செடிகளை ஒரே மண்ணில் வளர்த்து, சத்தை அளந்து, நல்லதை மட்டும் விதைக்கு எடுக்கிறார்கள். லக்னோவில் உள்ள சீமேப் என்ற மூலிகை ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த 'நவ்யகிருத்' ரகம் அப்படி வந்ததுதான். மருந்துச் செடி வளர்ப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டுவிட்டது.

வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஹெக்டேருக்கு ஒரு கிலோ விதை போதும், மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவுங்கள். 80 முதல் 100 நாளுக்குள் அறுத்துவிடுங்கள். எடை கூடட்டும் என்று காத்திருந்தால் கூடுவது தண்டு, சத்தோ இலையில்தான் இருக்கிறது. தார் ரோட்டில் காயப்போடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். பொடியை எரித்து, சாம்பலை அமிலத்தில் கரைத்தால் மணல் மட்டும் கரையாமல் அடியில் நிற்கும். எங்களிடம் அது மறையாது. நிழலில், தார்ப்பாய் மேல் காயவையுங்கள். ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். சாக்கடை ஓரம், பட்டறை ஓரம் பறித்தது வேண்டவே வேண்டாம். ஈயத்துக்கு 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்து பங்கு), காட்மியத்துக்கு 0.3 பி.பி.எம்., அதற்கு மேல் போனால் யார் சிபாரிசும் எடுபடாது. களைக்கொல்லி அடித்த வாழைத்தோட்டத்தில் பிடுங்கியதும் அப்படித்தான்.

வண்டி வாடகை கொடுத்து மூட்டையோடு வந்து நிற்காதீர்கள். அறுப்பதற்கு முன்பே, காயும் வேரும் உள்ள நான்கைந்து முழுச் செடிகளைத் தாளில் சுற்றிக் கொண்டு வந்து காட்டுங்கள்.