ஒப்புரவு: கடைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு பழஞ்சொல்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பலகாரக் கடை நடத்தும் என் தங்கை போன மாதம் போன் செய்தாள். சிறு வணிகர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் சேர விண்ணப்பப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டம்: 'தங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செயல்பாடுகள்.'

"என்னக்கா எழுதுறது? நாலு பேர் வேலை செய்ற கடை. நிறுவனம்னு எழுதவே கூச்சமா இருக்கு. சி.எஸ்.ஆர். எல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க செய்றதுதானே?"

அவள் கேட்டதில் பாதி சரி. சி.எஸ்.ஆர். (கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி) என்று நாம் சொல்வது சட்டப்படி பெரிய கம்பெனிகளின் வேலைதான். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசுத் தாள்களில் இதைப் 'பெருநிறுவன சமூகப் பொறுப்பு' என்று எழுதுகிறார்கள். பெருநிறுவனத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமே. அதிரசமும் முறுக்கும் விற்கும் கடைக்கு அதையே வெட்டி ஒட்டும்போதுதான் சொல் தொங்குகிறது.

இந்தப் பேச்சு தொடங்கியபோது அதில் கம்பெனி முன்னால் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் எழுதிய நூல்தான் இதற்கு மூலம் என்பார்கள். அந்த நூலின் தலைப்பு பேசியது வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றி. வணிகர் என்றால் ஆள். ஆள் இருந்த இடத்தில் பிற்பாடு கார்ப்பரேட் வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி தமிழாக்கத்துக்கு வருவோம். 'பொறுப்பு' நல்ல சொல். பொறு என்றால் தாங்கு, சும. சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்பவரே பொறுப்பாளி. 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரோ 'பதில் சொல்' என்பதில் போய் முடிகிறது. கேட்டால் பதில் சொல்வது ஒன்று, கேட்காமலே சுமப்பது இன்னொன்று. நம் சொல் இரண்டாவதைச் சொல்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சிக்கல் 'சமூகம்' என்பதில் இருக்கிறது. இது 'சமூஹ' என்ற வடசொல்லின் வழி வந்தது. கூட்டம், திரள் என்று பொருள். பழைய மனுக்களில் 'துரை அவர்கள் சமுகத்துக்கு' என்று வருவது வேறு சொல். அது 'சம்முக' வழி வந்தது, 'திருமுன்' என்று பொருள்படும். எழுத்தில் இரண்டும் குழம்பிப்போயின. ஆனால் இன்று கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கடைக்காரரிடம் "நீங்க எந்தச் சமூகம்?" என்று கேட்டால் அவர் சாதிப் பெயரைத்தான் சொல்வார். சமூகப் பொறுப்பு என்றால் தன் சாதிச் சங்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு நன்கொடை கொடுப்பது என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சொல் அவரை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. 'சமுதாயம்' இதைவிடப் பரவாயில்லை. ஊரார் பங்கு பிரிக்காமல் பொதுவில் வைத்துக்கொண்ட நிலத்துக்கு ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருந்தது. அந்தப் பொருளும் இன்று வழக்கில் இல்லை.

தங்கையிடம் நான் சொன்ன சொல் 'ஒப்புரவு'.

வேர் எளியது. ஒத்தல் என்றால் பொருந்துதல், சமமாதல், இசைதல். ஒப்பு, ஒப்புக்கொள், ஒத்துழைப்பு, ஒத்துப்போதல் எல்லாம் ஒரே குடும்பம். ஒப்புரவு என்பது உலகத்தோடு பொருந்தி நடப்பது, தன்னிடம் இருப்பதைக் கொண்டு ஊருக்குப் பயன்படுவது. திருக்குறளில் இதற்குத் தனி அதிகாரமே உண்டு, 22ஆவது. அடுத்த அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு அதிகாரம் எதற்கு? ஈகைக்கு வள்ளுவர் வரம்பு கட்டிவிடுகிறார்: 'வறியார்க்கொன்று ஈவதே ஈகை.' இல்லாதவருக்குக் கொடுப்பது அது. ஒப்புரவு ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. அதன் எதிரில் நிற்பது ஒரு ஆள் அல்ல, ஊர்.

உவமைகளைப் பாருங்கள். 'ஊருணி நீர்நிறைந் தற்றே', 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்.' ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர்நிலை. எங்கள் பக்கம் குளம், ஏரி என்போம். ஊருணி தெற்கே புழங்கும் பேச்சு. ஊருணியில் குடம் வைப்பவரிடம் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. மரம் எங்கே பழுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: உள்ளூரில். எங்கோ ஒரு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிக்கு உள்ளூர் என்று ஒன்று இருக்கிறதா, தெரியாது. புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூர் சன்னிதித் தெருவிலோ கடை போட்டவருக்கு உண்டு. இதே நூலில் எதிர் உவமையும் வருகிறது, 1008ஆவது குறளில்: 'நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.' மரம் பழுத்திருக்கிறது, ஊர் நடுவில்தான் நிற்கிறது, ஆனால் நஞ்சு.

எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது அதன் தலைப்பு. ஒப்புரவு 'செய்தல்' என்று வைக்காமல் ஒப்புரவு 'அறிதல்' என்று வைத்திருக்கிறார்கள். பரிமேலழகர் இதற்குக் காரணம் சொல்கிறார்: உலகநடை அறநூல்களில் எழுதிவைக்கப்படுவதில்லை, அவரவர் தாமே அறிந்து செய்ய வேண்டியது, அதனால் அறிதல் என்றார் என்று. 135ஆம் பிரிவு கம்பெனிக்கு 2 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிடும். சின்னக் கடைக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தன் தெருவுக்கு எது ஒக்கும் என்று கடைக்காரரே கேட்டு அறிய வேண்டும்.

அறியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் கடற்கரை 2004 சுனாமிக்குப் பிறகு கண்டது. நல்ல மனத்தோடு வந்த பழைய துணி மூட்டைகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. குப்பத்து ஜனங்களுக்கு வேண்டியிருந்தது பாயும் பாத்திரமும் வலையும்.

அறிந்து கொடுப்பதை என் அப்பாவிடம் பார்த்தேன். அவருக்கு திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல தெருக்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை இரண்டு மடங்கு விலைக்கு விற்ற கடைகளும் அன்று இருந்தன, அதையும் எழுதத்தான் வேண்டும். அப்பா கடையில் இருந்த அரிசியை வைத்துத் தெருவுக்கு அன்னதானம் செய்துவிடலாம் என்று அண்டா எடுத்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா குறுக்கே வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"சோறு நாங்க பொங்கிக்குவோம்ணே. தண்ணிதான் இல்ல. மோட்டார் போட கரண்ட் இல்ல."

அண்டா உள்ளே போனது. அரிசிக்கு ஆகியிருக்கும் காசில் ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது. தினமும் இரண்டு மணி நேரம் தெருவில் இருந்த மோட்டார்களை முறை வைத்து ஓட்டினார்கள். அன்னதானம் நடந்திருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருந்திருக்கும். ஜெனரேட்டர் புகைதான் விட்டது. எதிர்வீட்டு அக்கா சொன்னதைக் காதில் வாங்கினாரே, ஒப்புரவு அறிதல் என்பது அதுதான் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அப்பாவின் பேரேட்டில் ஒரு பக்கத்துக்கு 'மகமை' என்று தலைப்பு இருக்கும். இந்தச் சொல்லையும் இங்கே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஒப்புரவுக்குக் கல்லாப்பெட்டியில் வைத்த பெயர் அதுதான். விற்பனையில் ஒரு சிறு பங்கை, நூற்றுக்கு இத்தனை காசு என்றோ மூட்டைக்கு இவ்வளவு என்றோ, பொதுக்காரியத்துக்கு எடுத்து வைப்பது மகமை. விருதுநகர், சிவகாசிப் பக்கம் உறவின்முறைகள் என்ற சாதிச் சங்கங்கள் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்களே கட்டின. வழக்கம் இன்னும் பழையது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, உப்பு, அரிசி, மிளகு, பாக்கு என்று சரக்குச் சரக்காகக் கோயிலுக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டதை அது சொல்கிறது. அந்தப் பங்குக்குப் பட்டணப்பகுடி என்று பெயர். அரசன் விதித்த வரியல்ல, வணிகர்கள் தாமே ஏற்றுக்கொண்டது.

மகமையின் பலம் அது ஒழுங்காகச் சேர்வது. லாபம் வந்த பிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்பதல்ல, விற்ற அன்றே எடுத்துவைப்பது. குறை என்னவென்றால், பல இடங்களில் அது ஒரு சாதிக்குள்ளேயே சேர்ந்து அந்தச் சாதிக்குள்ளேயே செலவானது. அதனால்தான் மகமையை மட்டும் நேர்ச்சொல்லாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. சேர்க்கும் முறைக்கு மகமை, செலவழிக்கும் நோக்கத்துக்கு ஒப்புரவு என்று பிரித்துக்கொள்ளலாம். சாதி கேளாத சோற்றுக்கு எங்கள் மாவட்டத்திலேயே அடையாளம் உண்டு. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே வந்து சேரும் அரிசியிலும் காய்கறியிலும் எத்தனையோ சிறு விவசாயிகளின், கடைக்காரர்களின் பங்கு இருக்கிறது.

இன்னொரு சொல்லோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொசுறு. காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கால் கிலோ பூந்தி வாங்கினால் குழந்தை கையில் ஒரு உருண்டை. நல்ல பழக்கம், போகக் கூடாத பழக்கம். ஆனால் அது வாங்குபவருக்கு. கடைப்பக்கம் ஒரு நாளும் வராதவருக்கும் சேர்வதுதான் ஒப்புரவு: கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர், நடைபாதையில் தள்ளாடி நடக்கும் தாத்தா, வாசலில் கூடை வைத்துப் பூ விற்கும் பாட்டி, குப்பை அள்ள வருபவர்.

இந்தச் சொல்லை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் சில காரியங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வருகின்றன. வழியெல்லாம் கடைக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். அருமையான காரியம். ஆனால் வருடம் முழுக்கக் கழிவை வாய்க்காலில் விட்டுவிட்டு, நடைபாதையில் பாதியைச் சரக்கால் அடைத்துவிட்டு, ஒரு நாள் மோர் ஊற்றினால் அது ஈகைக் கணக்கில் சேரலாம், ஒப்புரவுக் கணக்கில் சேராது. புதுச்சேரியில் சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் உணவகங்கள் பெருகிவிட்டன. வண்டிகள் வீட்டு வாசலை மறித்து நிற்கின்றன, பாட்டுச் சத்தம் நள்ளிரவைத் தாண்டுகிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களை ஒரு மாலை கூப்பிட்டு உட்காரவைத்து "எங்களால உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்பது, நன்கொடை ரசீதைவிட நூறு மடங்கு கடினம். கேட்ட பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா? வாங்கும் இடத்திலும் ஒப்புரவு உண்டு. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பரிசுப் பொருள் விற்பவர்கள் எங்கிருந்தோ பிளாஸ்டிக் பொம்மையை இறக்குவதற்கு முன் ஒரு நடை அங்கே போய் வரலாம். வாங்கினால் காசை இழுத்தடிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

பயிற்சி வகுப்பில் தங்கை இந்தச் சொல்லைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "அது கோயில்ல செய்றது இல்லையா?" என்று கேட்டாராம். புதுச்சேரியில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பாவசங்கீர்த்தனம் என்று பெரியவர்கள் சொல்லும், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கைக் கத்தோலிக்கர்கள் இப்போது ஒப்புரவு அருளடையாளம் என்கிறார்கள். முறிந்த உறவை மறுபடி சரிசெய்துகொள்வது அங்கே அதற்குப் பொருள். அந்த அம்மா சொன்னது பிழையே அல்ல. கடைக்கும் தெருவுக்கும் நடுவே ஏதாவது முறிந்திருந்தால் அதைச் சரிசெய்வதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

விண்ணப்பத்தில் கடைசியில் அவள் எழுதியதை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அச்சடித்த 'சமூகப் பொறுப்புச் செயல்பாடுகள்' என்ற வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே பேனாவால் 'ஒப்புரவு' என்று தலைப்புப் போட்டிருந்தாள். பிறகு மூன்று வரி: 'பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் காவாயில் ஊற்றுவதில்லை, பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம். புகைக்குழாய் பக்கத்து வீட்டு ஆயா ஜன்னலைப் பார்த்து இருந்தது, அவரிடம் கேட்டு மேலே தூக்கி வைத்தோம். அடுப்பு பற்றவைப்பது முன்பு காலை 4 மணி, தெருவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தூங்க வேண்டும் என்று சொன்னதால் இப்போது 5.30.'