கருங்கரடி இறைச்சியைக் காட்டில் விட்டுவர முடியாது: பிரிட்டிஷ் கொலம்பியா விதியும் அது சொல்லாமல் விட்டதும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கருங்கரடி வேட்டைக்கு உரிமம் வாங்குகிறவர் ஒரு கடமையையும் சேர்த்தே வாங்குகிறார். கரடி விழுந்துவிட்டால், அதன் முன்சப்பை இரண்டு, பின்தொடை இரண்டு, முதுகெலும்பை ஒட்டிய நீளக்கறி ஆகியவற்றில் உண்ணத் தக்க இறைச்சி முழுவதையும் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். தோலையும் மண்டையோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிட்டு வருவது குற்றம். ஓநாய், பூமா, லிங்ஸ் போன்றவற்றுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. கரடியை மானோடு ஒரே வரிசையில் உணவு விலங்காகவே சட்டம் வைத்திருக்கிறது.

எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது: உங்கள் வழக்கமான வீடு, அல்லது இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடை, அல்லது குளிர்சேமிப்புக் கிடங்கு. குண்டு பட்டுச் சிதைந்து உண்ண முடியாமல் போன பகுதிக்கு விலக்கு உண்டு. இறைச்சியை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. கொடுக்கும்போது யார் சுட்டது, எந்த உரிமம், எங்கே, எந்த நாள் என்ற விவரங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழியில் வனவிலங்கு அதிகாரி நிறுத்தினால் கேட்கப்போவது அதைத்தான்.

வேட்டைக்காரராகப் பதிவு செய்ய, உள்ளூர்வாசி 'கோர்' என்ற பயிற்சித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பிறகு வேட்டை உரிமமும் கருங்கரடிக்கென்று தனி உரிமமும் எடுக்க வேண்டும். வெளிநாட்டவர் தனியாகப் போக முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அழைத்துச்செல்ல அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ உடனிருக்க வேண்டும். பருவத் தேதிகளும் எத்தனை கரடி என்ற வரம்பும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாகாண அரசு வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தில் உங்கள் வட்டாரத்தின் பக்கத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: நம் நாட்டுக் கரடிகள் வேறு இனங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவற்றை வேட்டையாடத் தடை இருக்கிறது. இங்கே சொல்வது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

சுடுவதற்கு முன் இரண்டு விஷயத்தில் அவசரம் ஆகாது. முதலாவது இனம். கருங்கரடி என்று பெயரே தவிர, அது பழுப்பாகவும் செம்பட்டையாகவும்கூட இருக்கும். அதே நிறத்தில் இருக்கும் கிரிஸ்லி கரடியை வேட்டையாட 2017 டிசம்பரில் மாகாணம் தடை போட்டுவிட்டது. நிறத்தை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். கிரிஸ்லிக்குத் தோளுக்கு மேல் திமில் மாதிரி ஒரு மேடு, நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே குழிவு, முன்காலில் நீண்ட நகங்கள். கருங்கரடிக்குத் திமில் இல்லை, முகம் நேராக இறங்கும். இரண்டாவது குட்டி. இரண்டு வயது ஆகாத கரடியையும் அதோடு கூட இருக்கும் எந்தக் கரடியையும் சுடக் கூடாது. தாய் தனியாக மேய்வது போலத் தெரியும், குட்டிகள் பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். இரை வைத்துக் கரடியை வரவழைப்பதும் இந்த மாகாணத்தில் தடை.

காயம்பட்ட கரடியைத் தேடிக் கண்டுபிடிக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது விதி. அது லேசான வேலை அல்ல. அடர்ந்த ரோமமும் கொழுப்பும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் தரையில் தடம் அதிகம் விழாது. ஆகவே பக்கவாட்டில் நிற்கும் கரடியின் நுரையீரலைத் தவிர வேறெங்கும் குறிவைக்காதீர்கள். சப்பைக்கறியும் சிதையாமல் தப்பும். விழுந்த உடலைத் தொடுவதற்கு முன்பே, கருங்கரடி உரிமத்தைப் பயன்படுத்தியாயிற்று என்று குறித்து ரத்து செய்துவிட வேண்டும். வெட்டிக் கொண்டுவரும் இறைச்சியில் எந்த இனம், ஆணா பெண்ணா என்று காட்டும் பகுதி ஒன்று ஒட்டியே இருக்க வேண்டும். பித்தப்பையையும், உடலிலிருந்தோ தோலிலிருந்தோ தனியாக வெட்டிய பாதங்களையும் வைத்திருப்பதே குற்றம். கள்ளச் சந்தைக்காகக் கரடிகள் கொல்லப்படுவதைத் தடுக்கப் போட்ட விதி அது, சரியான விதி.

இதுவரை சொன்னது விதிப்புத்தகத்தில் இருப்பது. சுமந்து வந்த இறைச்சி நல்ல இறைச்சியாக இருக்குமா என்பது அதில் இல்லை. வேட்டை இறைச்சியைச் சோதித்து முத்திரை குத்த அரசு ஆய்வாளர் யாரும் வரமாட்டார். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

ருசி கரடி தின்றதைப் பொறுத்தது. வசந்த காலத்தில் மரம் வெட்டும் பாதைகளின் ஓரம் புல்லும் தீவனச்செடியும் மேய்ந்த கரடியும், இலையுதிர் காலத்தில் மலைச்சரிவில் பெர்ரிப் பழம் தின்று கொழுத்த கரடியும் நல்ல கறி தரும். கடலோர ஆறுகளில் செத்த சால்மன் மீனைத் தின்ற கரடியின் கொழுப்பில் மீன் வாடை ஏறிவிடும், எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது. பக்கத்திலுள்ள அலாஸ்காவின் பல பகுதிகளில் ஜனவரி 1 முதல் மே 31 வரை சுட்ட கருங்கரடியின் இறைச்சியைத் தோலோடு சேர்த்துக் கட்டாயம் எடுக்க வேண்டும், அதன்பின் அந்தக் கட்டாயம் தளர்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்தச் சலுகை இல்லை. மீன் தின்றதானாலும் சுமந்துதான் ஆக வேண்டும். எதைச் சுடுவது என்று முன்பே யோசியுங்கள்.

அடுத்த எதிரி சூடு. கனத்த ரோமம், அதன் கீழே கொழுப்பு. கம்பளி போர்த்தியது போல உடல் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். புகைப்படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றால், பின்தொடை எலும்பை ஒட்டிய கறி உள்ளுக்குள்ளேயே புளித்து நாறத் தொடங்கும். வெளிப்புறம் பார்க்க நன்றாகவே இருக்கும், எலும்பு வரை வெட்டினால்தான் தெரியும். ஆகவே உடனே குடலை எடுங்கள். சிறுநீர்ப்பையையும் குடலையும் கிழித்துவிடாமல் கத்தி முனையை மேல்நோக்கிப் பிடித்து வெட்டுங்கள். அடுத்து தோலை உரியுங்கள். நான்காகப் பிரித்து, காற்று புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் நாளானால் எலும்பிலிருந்து கறியைப் பிரித்துவிடுவதே நல்லது. பிளாஸ்டிக் பையில் சூட்டோடு கட்டினால் வெந்து கெடும். கூடிய சீக்கிரம் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். குண்டு போன பாதையைச் சுற்றித் தாராளமாக அரிந்து எறியுங்கள், ஈயத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப்போய்க் கிடக்கும்.

சிவந்த கறியிலிருந்து கொழுப்பை நன்றாகச் சீவி எடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் இருந்தாலும் அது காறிப்போய்க் கறியையும் கெடுக்கும். பெர்ரி தின்ற கரடியின் கொழுப்பு என்றால் எறிய வேண்டாம். சிறு துண்டாக நறுக்கி மிதமான தீயில் உருக்கி வடிகட்டினால் வெண்ணிறமாக உறையும், சமையலுக்கு அருமையாக இருக்கும்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் விஷயம்: டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழு. அதன் இளம்புழுக்கள் கரடியின் தசையில் சுருண்டு கிடக்கும். பன்றி இறைச்சியை உறையவைத்தால் புழு சாகும் என்ற கணக்கை இங்கே போடக் கூடாது. கரடியில் இருக்கும் சில வகைகள் உறைபனியைத் தாங்கும். 2022-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடிச் சாப்பிட்ட கரடி கபாபில் இதுதான் நடந்தது. கனடாவின் சஸ்காச்சவானில் சுட்ட கரடி. 45 நாள் ஃப்ரீசரில் இருந்த இறைச்சி. நிறம் இயல்பிலேயே கருஞ்சிவப்பு என்பதால் வேகாதது தெரியவில்லை. ஆறு பேருக்கு நோய் வந்தது. அவர்களில் இருவர் கறியைத் தொடவே இல்லை, அதோடு சேர்த்துச் சுட்ட காய்கறியை மட்டும் தின்றவர்கள்.

எனவே நிறம் பார்த்து வெந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். சமையல் வெப்பமானியின் முனையை எலும்பில் படாமல் கறியின் தடித்த நடுப்பகுதியில் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஒரே சட்டியில் பல துண்டுகள் இருந்தால் பெரிய துண்டில் பாருங்கள். நீண்ட நேரம் வேகும் குழம்பும் பிரட்டலும்தான் இந்தக் கறிக்குப் பொருத்தம். உப்பிடுவது, உலர்த்துவது, புகையூட்டுவது, மைக்ரோவேவ் எதுவும் புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. உப்புக்கண்டம் போட நினைப்பவர்கள் முதலில் 74 டிகிரிக்கு வேகவைத்துவிட்டு உலர்த்துங்கள். கொத்துக்கறி எந்திரம், பலகை, கத்தி எல்லாவற்றையும் உடனே கழுவுங்கள். பச்சைக்கறியை நாய்க்கும் போடாதீர்கள்.

சாப்பிட்ட ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம், வராமலும் போகலாம். சில வாரங்களில் காய்ச்சல், கடும் தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் என்று தொடங்கினால், கரடி இறைச்சி சாப்பிட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அபூர்வ நோய் என்பதால் அவராக ஊகிப்பது கடினம். தெற்கு டகோட்டா விருந்தில் முதலில் நோயுற்றவர் பலமுறை மருத்துவரிடம் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. புழு குடலில் இருக்கும் கட்டத்திலேயே அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் கறியை எறிந்துவிடாமல் தனியாகக் கட்டி வையுங்கள், ஆய்வகத்துக்கு அது தேவைப்படும்.