மீன்கொத்திக்கு நீலம் ஏற்றியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுனில், ஆர்மினியன் தெரு பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், அண்மையில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்து வைத்திருந்த இயற்கைப் புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வெண்கண்ணாடி மாட்டியதுபோல் முழிக்கும் லோத்தோங் குரங்கு, பினாங்கு மலைப் பெரணி, சேற்றில் தாவும் மீன் என்று நல்ல படங்கள். கூட்டம் நின்றது ஒரு மீன்கொத்தியிடம்தான். பாலிக் புலாவ் வயலோரக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற வெண்தொண்டை மீன்கொத்தி, முதுகு முழுக்கக் கண் கூசுகிற நீலம்.

"ஏம்மா, நீலத்தக் கொஞ்சம் ஏத்திட்டீங்களோ?" என்றார் ஒரு பெரியவர்.

"இல்ல அங்கிள், அதோட கலரே அதான்" என்றாள் படம் எடுத்த பெண்.

அவர் விடவில்லை. பக்கத்துப் படத்தைக் காட்டினார். அதே பறவை, சாயங்கால வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பறக்கிறது. இறக்கையில் நீலத்தையே காணோம், வெறும் பழுப்பு. "அப்ப இது?"

நியாயமான கேள்வி. அங்கே நின்றுகொண்டு பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இங்கே.

மீன்கொத்தியின் தலையில் இருக்கும் பழுப்பு உண்மையான சாயம், மெலனின், நம் முடியில் இருக்கிற அதே சங்கதி. அலகின் சிவப்பும் சாயம்தான். நீலம் மட்டும் அப்படியில்லை. தன் இறகுக்கு நீலச் சாயம் செய்துகொள்ளும் பறவை எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழந்தமிழில் மணிச்சிரல் என்று பெயர் வாங்கிய இந்தப் பறவையின் இறகை அரைத்துப் பார்த்தால் அந்த மணி நிறம் காணாமல் போய்விடும், மிஞ்சுவது பழுப்புத் தூள்.

அப்படியானால் நீலம் எங்கே இருக்கிறது? ஓட்டைகளில். இறகின் ஒவ்வொரு இழைக்குள்ளும் கெரட்டின் புரதம் பஞ்சு மாதிரி இருக்கிறது, பஞ்சின் துளைகளில் காற்று. துளைக்குத் துளை இடைவெளி சுமார் 180 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே நானூறு துளைகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடி. இப்போது வெளிச்சம் உள்ளே போகிறது. கொஞ்சம் ஒளி முதல் துளையில் பட்டுத் திரும்புகிறது, கொஞ்சம் அடுத்த துளை வரை போய்த் திரும்புகிறது. இரண்டாவதற்குப் போக 180, வர 180, ஆக 360 நானோமீட்டர் கூடுதல் நடை. அதுவும் காற்றும் கெரட்டினும் கலந்த இடத்தில் ஒளி தாமதித்துத்தான் நடக்கும் என்பதால் கணக்கில் அது 470 வாக்கில் வந்து நிற்கும். நீல ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அதுதான்! அதனால் நீல அலைகள் மட்டும் கால் மாறாமல் சேர்ந்து திரும்பி வந்து ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. மற்ற நிறங்கள் அப்படித் திரும்புவதில்லை. பஞ்சைத் தாண்டிப் போகின்றன, கீழே காத்திருக்கும் மெலனின் அவற்றை விழுங்கிவிடுகிறது.

பெரியவரின் இரண்டாவது படத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சூரியன் பின்னால் இருக்கும்போது நம் கண்ணுக்கு வருவது திரும்பி வந்த ஒளி இல்லை, ஊடுருவி வந்த ஒளி. நீலம் சூரியன் பக்கமே திரும்பிப் போயாச்சு. நமக்குத் தெரிவது மெலனின்.

வானம் நீலமாக இருக்கிற அதே காரணம்தான் இங்கேயும் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சில பாடக்குறிப்புகளில் இன்னும் அப்படித்தான். வானத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் போக்கில் ஒளியைச் சிதறடிக்கிறது, அங்கே கூட்டணி கிடையாது. இறகில் இடைவெளி ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் அலைகள் கூட்டுச் சேருகின்றன. 1998இல் அமெரிக்கப் பறவையியலாளர் ரிச்சர்ட் ப்ரம் குழுவினர் தென்னமெரிக்கப் பறவை ஒன்றின் இறகை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, கணக்குப் போட்டு இதைக் காட்டினார்கள். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சி.வி.ராமன் பனங்காடை இறகை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஒருவர் இறகை ஆராயப் பணம் கேட்டுப் போனால் "இதனால நாட்டுக்கு என்ன லாபம்?" என்றுதான் கேட்பார்கள். சாயமே இல்லாத பெயிண்ட் செய்யலாமா என்று இப்போது பலர் முயல்வது இந்த மாதிரி வேலைகளை நம்பித்தான், அது வேறு கதை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அந்தப் பஞ்சை யாரும் செதுக்குவதில்லை என்பது. குழம்பில் தேங்காய்ப்பால் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். வளரும் இறகின் செல்லுக்குள்ளும் கெரட்டின் அப்படித்தான் தண்ணீரை விட்டுப் பிரிய ஆரம்பிக்கிறது, சரியான அளவு வந்ததும் இறுகி நின்றுவிடுகிறது. அப்புறம் செல் செத்துக் காய்கிறது, தண்ணீர் இருந்த இடத்தில் காற்று. அடுப்பை அந்த நொடியில் அணைப்பது எது என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. மயிலிறகு நோட்டுக்குள் குட்டி போடும் என்று நம்மை நம்ப வைத்தவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம்.

சாயம் இல்லாததால் வெளுப்பதும் குறைவு. சிங் வம்சத்துச் சீனப் பெண்களின் தலையணிகளில் ஒட்டிய மீன்கொத்தி இறகுகள் அருங்காட்சியகங்களில் இன்னும் நீலமாகவே இருக்கின்றன.

இத்தனையும் சொல்லவில்லை, துளைக் கதையை மட்டும் சொன்னேன். பெரியவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப ஏத்தல?" என்றார் மறுபடியும்.

"ஏத்தல அங்கிள், இறங்கிடுச்சு" என்றாள் அந்தப் பெண். அச்சு மையில் அந்த நீலம் வரவே இல்லையாம், மூன்று தடவை பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம்.