கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரியாத கோளாறு, குன்னூரில் தெரிந்தது

கடலூரில் கார் ஓட்டுகிறவர்கள் ஏசி நாபை நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பவே மாட்டோம். இங்கே அடிக்கிற வெயிலுக்கு ஹீட்டர் யாருக்கு வேண்டும்? தை மாதம் ஊட்டிக்குப் போனபோது, குன்னூரைத் தாண்டியதும் பின்சீட்டில் அம்மாவுக்கு நடுக்கம் எடுத்தது. நாபைச் சிவப்புக் கடைசி வரை திருப்பியும் ஜில்லென்ற காற்றுதான் வந்தது. புளோயர் நன்றாகவே ஊதியது.

காரில் சூட்டுக்கென்று தனி அடுப்பு கிடையாது. எரிபொருளின் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதியை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது. அந்தக் கூலன்டிலேயே ஒரு கிளை, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் வழியே காற்றை ஊதினால் அதுதான் ஹீட்டர். ஆகவே ஹீட்டர் சுடவில்லை என்றால் சந்தேகம் முதலில் இன்ஜின் பக்கம்தான் போகவேண்டும்.

என் காரில் வெப்பமானி முள் பாதியைக்கூடத் தொடவில்லை. ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. காரணம் தெர்மோஸ்டாட் வால்வு. அதன் வயிற்றில் ஒருவகை மெழுகு இருக்கிறது. சுமார் 82 முதல் 90 டிகிரி செல்சியஸில் அது உருகி விரிந்து, ஒரு சிறு தண்டைத் தள்ளி, ரேடியேட்டருக்கு வழி திறக்கிறது. அதுவரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டரிலும் மட்டுமே சுற்றும். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் போதிய அளவு சூடேறாது. டிராஃபிக்கில் கொஞ்சம் சூடு வரும், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் போய்விடும்.

என் காரில் வால்வே இல்லை! பழைய ஓவர்ஹீட் ஒன்றுக்காக, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று யாரோ கழற்றியிருந்தார்கள். இது பெரிய தவறு. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும், தேய்மானம் கூடும். வெயில் ஊருக்கும் அந்த வால்வு வேண்டும்.

முள் சரியாக நடுவில் நின்றும் காற்று குளிர்ந்தால், இன்ஜின் ஆறியபிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தத்திலிருக்கும் நீர் முகத்தில் பீய்ச்சும். அளவு குறைந்தால் ஹீட்டர் கோரில் காற்று புகுந்துகொள்ளும். டேஷ்போர்டுக்குள் கொளகொளவென்று சத்தம் கேட்கும். முள் ஏற ஏற ஹீட்டர் குளிர்ந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். பெரும்பாலும் கூலன்ட் எங்கோ கசிகிறது, தாமதித்தால் இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

அளவும் சரி என்றால் பானட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் இன்ஜின் அணைந்தபின் விரலால் சட்டென்று தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைத்திருக்கிறது. கடலோரத்து உப்பு போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் அடைப்பில்தான் கொண்டுவிடும். கூலன்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. இரண்டும் சுட்டால், காற்றைத் திருப்பும் உள்மடலோ அதன் கேபிளோ நகரவில்லை.

புது வால்வு போட்டாயிற்று. இப்போது மாதம் ஒருமுறை, ஆல்பேட்டை பாலம் தாண்டும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கிறேன்.