கார்பனில் உலோகம் ஒட்டுவது எப்படி?

விண்கலத்தின் கருவிகள் கக்கும் வெப்பத்தை அள்ளிச்செல்ல வெளியே காற்று கிடையாது. அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றுவது ஒன்றே வழி. அந்த வேலையைச் செய்யும் தகடுதான் ரேடியேட்டர். கெல்வின் கணக்கில் அதன் வெப்பநிலை இரட்டித்தால், வெளியேறும் வெப்பம் 16 மடங்காகும். எனவே சூடு தாங்கும், எடை குறைந்த, வெப்பத்தை விரைந்து பரப்பும் தகடு வேண்டும். கார்பன் இழைகளைக் கார்பனாலேயே பிணைத்த கார்பன்-கார்பன் கலப்புப்பொருள் இதற்குப் பொருத்தமானது. நாசா 2000 நவம்பரில் ஏவிய எர்த் அப்சர்விங்-1 செயற்கைக்கோளில் அத்தகைய ரேடியேட்டர் பறந்தது.

ஆனால் தகட்டுக்கு வெப்பத்தைக் கொண்டுவரும் குழாய் உலோகம். விண்வெளி அணு உலைகளுக்கான வடிவமைப்புகளில் டைட்டானியக் குழாய்க்குள் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்து, மீண்டும் சுழலும். குழாயும் தகடும் சேரும் இடத்தில்தான் முழு அமைப்பின் உயிரும் இருக்கிறது என்பேன். போல்ட் போட்டு இறுக்கினால் நுண்ணிய இடைவெளிகள் எஞ்சும். வெற்றிடத்தில் அவை வெப்பத்தைத் தடுக்கும். பசைகளோ கடும் சூட்டில் வலுவிழக்கும்.

மிஞ்சுவது பிரேசிங்: இரண்டுக்கும் நடுவே வேறொரு உலோகக்கலவையை உருக்கி இணைப்பது. இங்கேயும் ஒரு சிக்கல். உருகிய வெள்ளியும் செம்பும் கார்பன் மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும், பரவாது. அதே கலவையில் 1.75 சதவீதம் டைட்டானியம் சேர்த்தால் நிலைமை தலைகீழாகிறது. டைட்டானியம் கார்பனோடு வினைபுரிந்து, மெல்லிய டைட்டானியம் கார்பைடு படலத்தை உண்டாக்குகிறது; உருகிய உலோகம் அதன்மேல் தாராளமாகப் பரவுகிறது. இத்தனை சிறிய அளவு இத்தனை பெரிய மாற்றத்தைச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான். டைட்டானியம் ஆக்சிஜனையும் விடாமல் பற்றும் என்பதால் வேலை வெற்றிட உலையில், 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நடக்கும். அங்கே அதிக நேரம் வைத்தாலும் ஆபத்து: கார்பைடு தடித்தால் நொறுங்கும்.

உண்மையான சோதனை குளிரும்போது வருகிறது. 800 டிகிரி இறங்கும்போது 100 மில்லிமீட்டர் டைட்டானியம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் சுருங்கும். கார்பன் தகடோ இழைகளின் திசையில் மிகச் சொற்பமே சுருங்கும். அந்த இழுபறியில் பெரும்பாலும் பிரேசிங் தாக்குப்பிடிக்கும். தகட்டின் மேலடுக்குதான் உரிந்துவரும், ஏனெனில் கார்பன் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு பலவீனமானது.

ஆகவே கலவையை இன்னும் வலுவாக்குவதில் பயனில்லை. இழுப்பைக் குறைக்க வேண்டும். நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில், குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே கிராஃபைட் நுரைத் துண்டை வைத்து இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். துளைகள் நிறைந்த அந்த நுரை வெப்பத்தை நன்றாகக் கடத்தும். விறைப்பு குறைவு என்பதால் சுருக்கத்தின் ஒரு பகுதியையும் தானே ஏற்றுக்கொள்ளும்.